டொக்டர் படிப்புக்கு எவ்வளவு சல்லி வேணும்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும் வாசித்தால் நல்லது.

குண்டசாலை, பல்லேகலை, திகன, மெனிக்ஹின்ன பக்கத்தில் படிப்பிக்கும் எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், மகள டொக்டருக்குப் படிக்க வெக்க எவ்வளவு சல்லி வேணும்?" கல்யாண வீட்டில் கேட்பார்கள், ஜும்ஆ முடிந்து செருப்புப் போடும்போது கேட்பார்கள். சிலர் வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பிக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதை விட, ஒரே தடவையில் முழுதாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

அரசாங்க மருத்துவ பீடத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. இதை நம்பாத பெற்றோர் இன்றைக்கும் நம் ஊரில் இருக்கிறார்கள். "எங்கட்ட அவ்வளவு வசதி இல்ல" என்று சொல்லி, ஓ.எல். முடிந்ததுமே பிள்ளையை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். 1945ஆம் ஆண்டு சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வி பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் போகிறது. மருத்துவமும் அதற்குள்தான் வருகிறது. பேராதனை மருத்துவ பீடம் 1962இல் தொடங்கியது. குண்டசாலையில் பஸ் ஏறி, கண்டியில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறினால் அதன் வாசலில் இறங்கலாம். அந்த வாசலுக்குள் போக ஒரு வாப்பா கட்ட வேண்டிய படிப்புக் கட்டணம் பூச்சியம். பதிவுக்கும் விடுதிக்கும் ஒரு சிறிய தொகைதான் போகும்.

அப்படியென்றால் என்ன தகுதி வேண்டும்? ஏ.எல்.லில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் ஒரே அமர்வில் எழுதி, மூன்றிலும் குறைந்தது 'எஸ்' எடுக்க வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சை என்ற பொது அறிவுப் பேப்பரில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். இது விண்ணப்பம் போடுவதற்கான தகுதி மட்டும்தான். இடம் கிடைப்பது இஸட் புள்ளியில் இருக்கிறது.

இஸட் புள்ளி என்றதும் பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் எடுத்த புள்ளிகளின் சராசரி 40 என்றும், புள்ளிகள் பரந்திருக்கும் அளவு, அதாவது நியம விலகல், 15 என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளை 70 எடுத்தால், 70இலிருந்து 40ஐக் கழித்து 15ஆல் பிரிக்க வேண்டும். 2 வரும். அந்தப் பாடத்தில் பிள்ளையின் இஸட் புள்ளி 2. இப்படி மூன்று பாடங்களுக்கும் எடுத்து, கூட்டி மூன்றால் பிரித்தால் வருவதுதான் இறுதிப் புள்ளி. அதாவது எவ்வளவு எடுத்தோம் என்பதோடு, மற்றவர்களை விட எவ்வளவு கூட எடுத்தோம் என்பதும் கணக்கில் வருகிறது. அதனால்தான் மூன்று ஏ எடுத்தும் மருத்துவம் கிடைக்காத பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

அடுத்தது மாவட்டம். மருத்துவ பீடங்களில் நாடு முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 2000 இடங்கள்தான். இதில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நமக்குப் பக்கத்திலுள்ள நுவரெலியா அந்த 16இல் இருக்கிறது. கண்டி இல்லை. ஆகவே கண்டி மாவட்டப் பிள்ளை, டவுனில் இருக்கும் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில்தான் நிற்கிறது. குண்டசாலையிலோ திகனையிலோ இருந்து வருகிறது என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது.

இங்கே இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, "முஸ்லிம்களுக்கு இவ்வளவு இடம்தான் குடுப்பாங்க" என்ற பேச்சு. இன்றைய முறையில் இனத்துக்கும் மதத்துக்கும் கோட்டா இல்லை. எந்த மொழியில் எழுதினீர்கள் என்பதற்கும் இல்லை. எழுபதுகளில் தரப்படுத்தல் என்ற பெயரில் மொழிவாரியாகப் பார்த்தது உண்மை. அதன் காயம் தமிழ் பேசும் மக்களுக்குள் ஆழமாகப் பதிந்ததும் உண்மை. அந்தக் கதையை இன்றைய பிள்ளையிடம் சொல்லி, முயற்சி செய்யும் முன்பே அதன் மனதை உடைக்க வேண்டாம்.

இரண்டாவது, வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தில் உறவினர் வீட்டு விலாசத்தைப் போட்டு எழுதலாமா என்ற யோசனை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருஷங்களில் பிள்ளை படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். கடைசி நேரத்தில் விலாசம் மாற்றுவதில் பலன் இல்லை. அது இன்னொரு பிள்ளையின் ஹக்கும் கூட.

இனி கம்பஸுக்குள் ஆகும் செலவு. படிப்பு 5 வருஷம். அதன் பிறகு ஒரு வருஷம் வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி, அதற்குச் சம்பளம் உண்டு. இந்த 5 வருஷத்தில் சாப்பாடு, போக்குவரத்து, போட்டோ கொப்பி, ஸ்டெதஸ்கோப், வெள்ளைக் கோட்டு எல்லாம் நம் செலவு. தூரத்து பீடம் கிடைத்து, விடுதி கிடைக்காத வருஷங்களில் போடிங் காசும் சேரும். எலும்பு செட், தடித்த புத்தகங்கள் போன்றவற்றைப் பெரும்பாலும் சீனியர் மாணவர்களிடமிருந்து வாங்கிப் படித்துவிட்டு ஜூனியர்களுக்குக் கொடுப்பார்கள். மஹாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. அது 2025இல் மாதம் 5000இலிருந்து 7500 ரூபாயாகக் கூட்டப்பட்டது. அது கிடைக்காதவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து பர்சரி கொடுக்கிறார்கள். கஷ்டம்தான். ஆனாலும் கம்பஸ் கிடைத்த பிறகு சல்லி இல்லாமல் மருத்துவப் படிப்பை விட்ட பிள்ளை ஒருவரையும் நாங்கள் இந்தப் பக்கத்தில் கண்டதில்லை. கிடைத்துவிட்டால் குடும்பம் உதவும், ஊர் உதவும், வெளிநாட்டில் இருக்கும் மாமா உதவுவார்.

நாங்கள் கண்டது வேறொன்று. கம்பஸ் வாசலுக்கு வரும் முன்பே வழியில் நின்றுவிட்ட பிள்ளைகளைத்தான் கண்டிருக்கிறோம்.

கலாசாலையில் பயிற்சி முடித்து வந்து, 11ஆம் ஆண்டு வரை படிப்பிக்கும் ஆசிரியர்கள் நாங்கள். எங்களுடையது போன்ற பாடசாலைகளில் ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு இல்லை. அந்தப் பிரிவு இருக்கும் பாடசாலைகளை 1ஏபி என்பார்கள். கலை, வர்த்தகம் மட்டும் இருந்தால் 1சி. ஓ.எல்.லோடு முடிந்தால் டைப் 2. கண்டியின் சுற்றுப்புறக் கிராமங்களில் தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் பல இந்தக் கடைசி இரண்டு வகைக்குள்தான் வருகின்றன. ஆகவே ஓ.எல்.லில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ஏ எடுக்கும் நம் பிள்ளை, 16 வயதில் ஊரை விட்டு டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே பாடசாலை கிடைத்தாலும், தமிழில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிப்பிக்கும் ஆசிரியர் எல்லா வருஷமும் இருப்பார் என்ற உத்தரவாதம் இல்லை. அந்த இடைவெளியை டியூஷன் நிரப்புகிறது. டியூஷனுக்குக் காசு வேண்டும்.

மூன்று சக்கர வண்டி ஓட்டும் ஒரு சகோதரரின் வீட்டில், அந்த உம்மா கொப்பியில் எழுதி வைத்திருந்த கணக்கை அவர்களின் அனுமதியோடு இங்கே தருகிறோம். ஒரு பாடத்துக்கு மாதம் 3000 வீதம் மூன்று பாடத்துக்கு 9000. பாடசாலைக்கும் கிளாஸுக்கும் பஸ் காசு 3000. டியூட், போட்டோ கொப்பி, மாதிரி வினாத்தாள் 1500. பின்னேரக் கிளாஸ் இருக்கும் நாட்களில் டவுனில் ஏதாவது சாப்பிட 1500. மொத்தம் மாதம் 15,000. இரண்டு வருஷத்துக்கு 3,60,000 ரூபாய். முதல் தடவை தவறி இரண்டாம் தடவை எழுதினால், இன்னொரு வருஷத்துக்கு 1,80,000. ஆக மொத்தம் 5,40,000. எல்லா வீட்டிலும் இதே தொகை வராது. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கம்பஸுக்குள் போய் மஹாபொல எடுத்த பிள்ளைக்கு 2025இல் மாதம் 7500 ரூபாய் கையில் கிடைத்தது. கம்பஸுக்குப் போக முயற்சிக்கும் பிள்ளை மாதம் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது. பெரிய செலவு இலவசக் கல்வியின் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது.

அந்த வீட்டுப் பிள்ளைக்கு அல்ஹம்துலில்லாஹ் இரண்டாம் தடவையில் இடம் கிடைத்தது. ஊரில் பாராட்டு விழா வைத்தோம். பெரிய பேனர், நினைவுச் சின்னம், பொன்னாடை, பிரியாணி. மேடையில் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். விழா நடந்த அந்த நாளில் உம்மாவின் காப்பு இன்னும் ஈட்டுக் கடையில்தான் இருந்தது. மேடையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. அவர்கள் சொல்லவும் இல்லை. நம் ஆட்கள் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டும். எங்களிடம் படித்த பையன். ஓ.எல்.லில் விஞ்ஞானம் ஏ, கணிதம் ஏ. டவுனில் உயிரியல் பிரிவில் சேர்ந்தான். ஆறு மாதத்தில் கலைப் பிரிவுக்கு மாறிவிட்டான். "பயோ அவனுக்கு ஏறல்ல போல" என்று ஊரில் கதைத்தார்கள். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் விஷயம் விளங்கியது. வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போய் வருமானம் நின்றிருக்கிறது. முதலில் பௌதிகவியல் கிளாஸை விட்டிருக்கிறான். அடுத்த மாதம் இரசாயனவியல். தவணைப் பரீட்சையில் புள்ளி விழுந்ததும் தானே போய்ப் பிரிவு மாற்றிக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் மாதம் ஒரு 10,000 ரூபாய் கிடைத்திருந்தால் அவன் டொக்டராகி இருப்பான் என்று நாங்கள் சொல்லவில்லை. அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். முயற்சி செய்து பார்க்கும் சந்தர்ப்பமாவது அவனுக்கு இருந்திருக்கும். ரிசல்ட் வரும்போது நாம் எண்ணுவது எழுதிய பிள்ளைகளை மட்டும்தான். எழுதாமலே விலகிய இவனைப் போன்றவர்கள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சரித்திரத்தை நினைவுபடுத்த வேண்டும். ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை நம் பிள்ளைகளுக்குப் பெயரளவில் தெரியும். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம், பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபர். அவர் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கியது 1945இல். இலவசக் கல்வி வந்ததும் அதே வருஷம்தான். கட்டணம் இல்லாமல் போனாலும் ஏழைப் பிள்ளைக்குப் படிக்கக் காசு வேண்டும் என்பது அன்றைக்கே நம் சமூகத்தில் ஒருவருக்கு விளங்கியிருந்தது. 80 வருஷத்துக்குப் பிறகும் நாம் ரிசல்ட் வந்த பின்பு பொன்னாடை வாங்குவதில் நிற்கிறோம்.

எங்கள் கோரிக்கை சின்னது. ஊர் உதவி ஏ.எல். ரிசல்ட்டுக்குப் பிறகு போகாமல், ஓ.எல். ரிசல்ட் வந்த அந்த வாரத்திலேயே தொடங்கட்டும். ஒரு மஹல்லாவில் வருஷத்துக்கு இரண்டு பேரோ மூன்று பேரோதான் உயிரியல் பிரிவுக்குப் போவார்கள். உதவி தேவைப்படுபவர் அதில் ஒருவரோ இருவரோதான். ஒரு பிள்ளைக்கு மாதம் 10,000 என்றால், மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் பத்துப் பேர் போதும். ஸகாத் பெறத் தகுதியான வீடாக இருந்தால் உலமாக்களிடம் கேட்டு அதையும் பயன்படுத்தலாம். பெயர் வெளியே வர வேண்டாம். மேடை வேண்டாம். பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பேராதனையில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஞாயிறு காலையில் இரண்டு மணித்தியாலம் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். பள்ளிவாசலின் மேல்மாடி அன்றைக்குச் சும்மாதான் இருக்கிறது.

அதோடு ஆங்கிலம். மருத்துவ பீடத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஏ.எல்.லைத் தமிழில் எழுதிப் போகும் பிள்ளை முதல் வருஷத்தில் உடற்கூற்றியலோடு சேர்த்து மொழியோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் இந்த மாதங்கள் அதற்கு நல்ல நேரம்.

இனிப் பெற்றோருக்கு நான்கு விஷயம்.

முதலாவது, பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல்.லை மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாம் தடவை எழுதுவது தவறில்லை. ஆனால் பிள்ளையிடம் கேட்டு முடிவெடுங்கள். "டொக்டர் ஆகல்லன்னா வீட்டுக்கு வராத" என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. பிள்ளை வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே உடைந்துபோவதை வகுப்பறையில் காண்பது நாங்கள்தான்.

இரண்டாவது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது மருத்துவத்தை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதை வெறுமையாக விடாதீர்கள். பேராதனையிலேயே பல் மருத்துவம் இருக்கிறது, மிருக வைத்தியம் இருக்கிறது. தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், கதிர்ப்படவியல், இயன்மருத்துவம் எல்லாம் இருக்கின்றன. கொழும்பில் யூனானி மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஸ்கேன் அறையிலும் லெப்பிலும் வார்டிலும் நிற்பவர்களில் தமிழ் பேசுபவர் ஒருவர் இருந்தால் நம் வயதான உம்மாமாருக்கு எவ்வளவு நிம்மதி என்பது கண்டி வைத்தியசாலையில் வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, மருத்துவம் கிடைத்தாலும் பேராதனைதான் கிடைக்கும் என்றில்லை. இஸட் புள்ளியையும் விருப்ப வரிசையையும் வைத்து யாழ்ப்பாணமோ, மட்டக்களப்போ, ரஜரட்டையோ கிடைக்கலாம். "பொம்புள புள்ளய அவ்வளவு தூரம் எப்படி அனுப்புற" என்ற பேச்சு அப்போதுதான் வீட்டில் தொடங்கும். அந்தப் பேச்சை இரண்டு வருஷத்துக்கு முந்தியே பேசி முடியுங்கள். ராவு பகலாகப் படித்துக் கடிதம் கையில் வந்த பிறகு தடுப்பது பெரிய அநியாயம். அங்கெல்லாம் நம் பிள்ளைகள் ஏற்கனவே படிக்கிறார்கள். விடுதி எப்படி, தொழுகைக்கு இடம் எப்படி, சாப்பாடு எப்படி என்று அவர்களிடமே கேட்கலாம்.

நான்காவது, வெளிநாடு. இங்கே கிடைக்காதபோது காணியை விற்று பங்களாதேஷ், சீனா, ரஷ்யா என்று அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. நன்றாகப் படித்து வந்து இன்று நம் வைத்தியசாலைகளில் சேவை செய்பவர்களும் இருக்கிறார்கள், மாஷா அல்லாஹ். ஆனால் முகவர் சொல்வதை மட்டும் கேட்டு முற்பணம் கட்டாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா, உங்கள் பிள்ளையின் ஏ.எல். பெறுபேறு மருத்துவ சபை கேட்கும் தகுதிக்குப் போதுமா என்று முதலில் சபையிடமே விசாரியுங்கள். படித்து முடித்து வந்தவுடன் இங்கே மருத்துவராக வேலை செய்ய முடியாது. மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்குத் தயாராகும் காலத்தில் வருமானம் இருக்காது. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் காணிப் பத்திரத்தைக் கையில் எடுங்கள்.

ஓ.எல். ரிசல்ட் வந்ததும், உயிரியல் பிரிவுக்குப் போக ஆசையும் தகுதியும் இருந்து வசதி இல்லாத பிள்ளைகளின் விபரத்தை எங்கள் பாடசாலையில் அந்தரங்கமாக எடுக்க இருக்கிறோம். பெற்றோர் நேரில் வந்து கதைக்கலாம். வர வெட்கமாக இருந்தால் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் சொன்னாலும் போதும். மாதம் 1000 ரூபாய் தர முடிந்தவர்கள் பள்ளிவாசல் செயலாளரிடம் சொல்லுங்கள். இன்பொக்ஸ் பண்ணினாலும் பார்ப்போம். இதுவரை நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். முதல் பிள்ளைக்கு இன்னும் ஆறு பேர் வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் முயற்சியில் பரக்கத் செய்வானாக.